ஹாரெம் நாயகனுக்குக் காது கேட்காதா?

2024 ஆகஸ்ட் 18 – கேள்வி

நான்கு ஹாரெம் ரொமான்டிக் காமெடி அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர், பார்த்து முடித்துவிட்டேன். நான்கிலும் ஒரே கதை. சுமாரான பையன் ஒருவன், சுற்றி நான்கைந்து பெண்கள். யார் மனதைத் திறந்து பேசினாலும் அவன் "ஆங்? என்ன சொன்னே?" என்கிறான். பன்னிரண்டு எபிசோட் முடிந்தும் யாருக்கும் பதில் இல்லை. இதை ரசிக்கிற அண்ணன்மார் யாராவது இருந்தால் சொல்லுங்கள், இதில் என்னதான் இருக்கிறது? கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

2024 ஆகஸ்ட் 18, இரவு 11:40

நான்கோடு நிறுத்திக்கொண்டாய், பிழைத்தாய் தம்பி. நான் இருபது வருடமாக நிறுத்தவில்லை. முடிவுகளைப் போட்டு உடைத்துக்கொண்டேதான் எழுதப் போகிறேன், முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

2005. இன்ஜினியரிங் ஹாஸ்டல், மூன்று பேர் அறை, ஒரே ஒரு கம்ப்யூட்டர். பாஸாகிப் போன சீனியர் விட்டுச் சென்ற சிடி அடுக்கில் 'லவ் ஹினா' கிடைத்தது. கென் அகமாட்சு 1998 முதல் 2001 வரை வாரப் பத்திரிகையில் வரைந்த மங்கா, அதாவது ஜப்பானிய காமிக்ஸ். 2000இல் 24 எபிசோட் அனிமேவாக வந்தது. டோக்கியோ பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்ட கெய்டாரோ, பாட்டி நடத்திய பழைய வெந்நீர் ஊற்று விடுதிக்குப் போய்ச் சேர்கிறான். அது பெண்கள் தங்கும் விடுதியாகிவிட்டது அவனுக்குத் தெரியாது. பாட்டி உலகம் சுற்றக் கிளம்பிவிட்டார். இவன் மேனேஜர் ஆகிறான்.

எங்கள் அறையில் மூன்று பேருக்கும் எம்-3 கணக்குப் பேப்பரில் அரியர். படம் ஓட ஓட ஒருவரும் பெண்களைப் பற்றிப் பேசவில்லை என்றால் பொய். ஆனால் எனக்கு இன்றும் நினைவில் நிற்பது அந்த வீட்டின் சாப்பாட்டு மேசை. பரீட்சையில் தோற்ற ஒருவன் கதவைத் திறந்து உள்ளே போகிறான். உள்ளே ஐந்து பேர் சாப்பிட்டுக்கொண்டு சண்டை போடுகிறார்கள். அவனுக்கும் ஒரு தட்டு இருக்கிறது. நாங்கள் மெஸ்ஸில் எட்டு மணிக்குமேல் போனால் ரசத்தில் தக்காளித் தோல் மட்டும் மிதக்கும். அந்தத் தட்டு என்னை என்ன செய்திருக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

2024 ஆகஸ்ட் 19, காலை

இரவு தூக்கக் கலக்கத்தில் எழுதியது. 'லவ் ஹினா'வில்தான் எல்லாம் தொடங்கியது போல ஒரு தொனி வந்துவிட்டது. இல்லை. ஒரே வீட்டில் பல பெண்கள், நடுவில் ஒரு சாது என்ற அச்சை வார்த்தது 'டென்ச்சி முயோ'. 1990களின் தொடக்கத்தில் டிவி தொடராக வந்தது. அதற்கும் முன்னால் மங்கா ஆசிரியை ருமிகோ தகாஹாஷி இருக்கிறார், அவரை அவசரமாகத் தொட மாட்டேன்.

2024 ஆகஸ்ட் 19, இரவு

காது விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் கதைகளில் பல வாரப் பத்திரிகை மங்காவிலிருந்து வருபவை. வாராவாரம் இருபது பக்கம் சொச்சம், வாசகர் ஓட்டு வேறு. ஓட்டு விழுந்தால் கதை ஓடவேண்டும். காதல் கதை எதில் முடியும்? பதிலில். ஆகவே பதிலைத் தள்ளிப்போட வேண்டும். தள்ளிப்போட மிகச் சுலபமான வழி, நாயகன் காதில் பஞ்சு வைப்பது. அவள் சொல்லும் நேரம் பார்த்து ரயில் போகும், வாணவேடிக்கை வெடிக்கும், காற்று அடிக்கும். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, இங்கே சங்கு ஊதுகிறவளுக்கும் சம்பளம், செவிடனுக்கும் சம்பளம்.

'நிசெகோய்' எடுத்துக்கொள். நாவோஷி கோமி 2011 முதல் 2016 வரை வரைந்தது, 229 அத்தியாயம். நாயகன் ராக்கு கழுத்தில் பூட்டிய ஒரு லாக்கெட். பத்து வருடத்துக்கு முன் ஏதோ ஒரு பெண்ணிடம் கொடுத்த வாக்கு அதில் இருக்கிறது, சாவி அவளிடம். கதையில் வருகிற பெண்களிடமெல்லாம் ஒரு சாவி இருக்கிறது! லாக்கெட்டைத் திறந்தால் கதை முடிந்துவிடும் என்பதால் அதைத் திறக்காமலிருக்க ஆசிரியர் படுகிற பாடு இருக்கிறதே, சாவி உள்ளேயே உடைந்துபோவது வரை போகும். இத்தனைக்கும் ராக்குவும் கூடப் படிக்கிற ஒனொடேராவும் முதல் அத்தியாயத்திலிருந்தே ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் பத்தாவது பக்கத்தில் மங்களம் பாடியிருக்கலாம். கடைசியில் வேறொருத்தி, சிடோகே, ஜெயிக்கிறாள். நான் அதற்குள் அலுத்துப்போய், யார் ஜெயித்தால் என்ன என்ற நிலைக்கு வந்திருந்தேன்.

குறை கேட்டாய் அல்லவா, முதல் குறை இதுதான். பெண்ணின் வாக்கியத்தை ஆசிரியர் ரயிலை விட்டு நசுக்குகிறார். ஒரு தடவை சிரிப்பு. இருபதாவது தடவை அவள்மேல் பரிதாபம்கூட வராது, ரயில்வே மேல்தான் கோபம் வரும்.

2024 ஆகஸ்ட் 20

திருத்தம். 'டென்ச்சி முயோ' முதலில் 1992இல் ஓவிஏவாக, அதாவது வீடியோ கேசட்டில் நேரடியாக வந்தது. டிவி தொடர் 1995இல்தான். இருபது வருடம் பார்த்தும் தப்பு விட்டிருக்கிறேன், வெட்கக்கேடு.

2024 ஆகஸ்ட் 22

வாரப் பத்திரிகைமேல் முழுப் பழியையும் போட்டது சரியில்லை என்று இன்று பஸ்ஸில் தோன்றியது. லைட் நாவலுக்கு, அதாவது இளைஞர்களுக்கான படம் போட்ட சின்ன நாவலுக்கு, வாராவாரம் ஓட்டெல்லாம் இல்லை, அங்கேயும் இதே காதுதான். 'ஹகனாய்' நாயகன் கொடாக்கா இந்த "ஆங்? என்ன?"வுக்கே பேர்போனவன். ஆனால் 2013இல் வந்த இரண்டாம் சீசனைக் கடைசிவரை பார். ரிகா என்ற பெண் அவனை நிறுத்திக் கேட்டுவிடுகிறாள்: உனக்குக் காது நன்றாகவே கேட்கிறது, கேட்காத மாதிரி நடிக்கிறாய். ஏன் நடிக்கிறான்? பதில் சொன்னால் அந்தச் சின்ன நண்பர் கூட்டம் உடைந்துவிடும் என்ற பயம். அதுவரை ஜோக்காக இருந்த ஒன்று அந்த இடத்தில் ஒரு மனிதனின் கோழைத்தனமாக மாறிவிடுகிறது. முதல் சீசனில் நான் சிரித்த இடங்களையெல்லாம் திரும்பப் போய்ப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

2024 ஆகஸ்ட் 25, ஞாயிறு

மதியம் 'லவ் ஹினா'வை மறுபடி போட்டேன். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு. மனைவி சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று கேள்வி கேட்டாள்.

"இந்தப் பையன் எதுக்குத் தினம் தப்பான கதவைத் திறக்கிறான்?"

"அவ ஏன் விசாரிக்காமலே குத்துறா?"

"அந்தச் சின்னப் பொண்ணு ஸ்கூல் படிக்குது. அதையும் ஏன் இந்த வரிசையில நிக்க வச்சிருக்காங்க?"

முதல் இரண்டுக்கும் என்னிடம் பதில் இருந்தது: அந்தக் காலத்து நகைச்சுவை, குளியலறைத் தடுக்கல், நாயகி நாருவின் ஒரு குத்தில் அவன் வானத்தில் நட்சத்திரமாவது, எல்லாம் சடங்கு மாதிரி. பதில் சொல்லும்போதே அது சப்பையாக இருப்பது எனக்குத் தெரிந்தது. மூன்றாவதுக்குப் பதிலே இல்லை. சினோபு அந்த வீட்டில் எல்லோருக்கும் சமைக்கிற பள்ளிக்கூடப் பெண். தங்கையாக விட்டிருந்தால் கதைக்கு ஒரு குறையும் வந்திருக்காது. இருபது வயதில் இது என் கண்ணில் படவே இல்லை.

இதற்கு நடுவில் அவள் குக்கரை மூன்று விசிலில் அணைக்கச் சொல்லியிருக்கிறாள். நான் "ஆங்?" என்றிருக்கிறேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. "அந்தப் பையனை மட்டும் குறை சொல்லுங்க" என்றாள்.

கென் அகமாட்சு 2022இல் ஜப்பான் மேலவைக்குத் தேர்தலில் நின்று ஜெயித்து உறுப்பினராகிவிட்டார், தெரியுமோ? தேர்ந்தெடுப்பதைத் தள்ளிப்போட்டே பெயர் வாங்கிய மனிதரை ஜனங்கள் சட்டென்று தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

2024 செப்டம்பர் 1

பத்திரிகை, கோழைத்தனம் இரண்டும் போக மூன்றாவதாக ஒரு வேரும் உண்டு: வீடியோ கேம்.

1994இல் கொனாமி 'டோக்கிமெக்கி மெமோரியல்' வெளியிட்டது. உயர்நிலைப் பள்ளி மூன்று வருடம்; பட்டமளிப்பு நாளில் மரத்தடியில் ஒரு பெண் காதலைச் சொன்னால் நீ ஜெயித்தாய். இதில் வெடிகுண்டு என்று ஒரு விதி. அறிமுகமான ஒரு பெண்ணை வெகுநாள் கவனிக்காமல் விட்டால் அவள் பெயருக்குப் பக்கத்தில் குண்டு தோன்றும். அது வெடித்தால் ஊரெல்லாம் உன்னைப் பற்றிப் பேச்சு. மற்றப் பெண்களுக்கும் உன்மேலிருந்த பிரியம் இறங்கிவிடும். ஆகவே ஒருத்தியை அடைய வேண்டுமானால் மற்ற எல்லோரையும் சமாதானமாக வைத்திருக்க வேண்டும். யோசித்துப் பார், ஹாரெம் நாயகன் எல்லோரிடமும் ஒரே அளவு நல்லவனாக, யாரையும் புண்படுத்தாமல், யாருக்கும் பதில் சொல்லாமல் இருப்பது எங்கிருந்து வந்தது? அவன் குண்டு வெடிக்காமல் பார்த்துக்கொள்கிறான். காதலன் இல்லை, கணக்கப்பிள்ளை.

விளையாட்டில் இது பொறுத்துக்கொள்ளக் கூடியது, ஏனென்றால் முடித்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்து இன்னொருத்தி பக்கம் போகலாம். அனிமே ஒரே தடவைதான் ஓடும். அதனால் எல்லோருடைய பாதையிலும் கால்வாசி நடந்துவிட்டு நின்றுவிடுகிறது. இதை நேர்மையாகக் கையாண்டது 2010இல் வந்த 'அமகாமி எஸ்எஸ்'. அதுவும் கேமிலிருந்து வந்ததுதான். ஒரு பெண்ணுக்கு நான்கு எபிசோட், காதல் கைகூடும், முடியும். அடுத்த எபிசோடில் முந்தையது நடக்கவே இல்லை என்பது போல மறுபடி முதலிலிருந்து. பார்க்கும்போது கொஞ்சம் மயக்கமாக இருக்கும். ஆனால் ஒவ்வொருத்திக்கும் பதில் கிடைக்கிறது.

2020இல் முடிந்த 'பொக்குபென்' மங்காவும் கடைசியில் இதையே செய்தது. ஐந்து பெண்களுக்கும் தனித்தனி முடிவு. அப்போது நான் ஏமாற்றுவேலை என்று திட்டினேன். என் ரூம்மேட்டுக்கு அர்த்தராத்திரியில் போன் போட்டுத் திட்டினேன். இப்போது அவ்வளவு கோபமில்லை. தாய் வீடான கேமிடம் சீரைத் திருப்பிக் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

2024 செப்டம்பர் 3

மறந்துவிட்டேன். காது கேட்காததற்கு நியாயமான காரணம் வைத்திருக்கிற ஒரே ஆள் 2020இல் வந்த 'வில்லியாக மறுபிறவி' தொடரின் கத்தரீனா. தான் ஒரு கேமின் வில்லி, கேம் முடிவில் தனக்குச் சாவு அல்லது நாடுகடத்தல் என்று அவளுக்குத் தெரியும். தப்பிக்கத் தோட்டத்தில் காய்கறி போட்டு விவசாயம் பழகுகிறாள். ஆண்களும் பெண்களுமாக ஒரு கும்பலே அவளைக் காதலிக்கிறது. உயிர் பிழைக்கிற அவசரத்தில் இருப்பவளுக்கு அது எப்படிக் காதில் விழும்?

2024 செப்டம்பர் 8

தம்பி கேட்டது: "பதில் சொல்லாததால் யாருக்கு என்ன நஷ்டம்? காமெடிதானே?"

2005இல் வந்த 'ஷஃபிள்' பார். முக்கால்வாசி வரை வழக்கமான சர்க்கஸ். நாயகன் ரின்னுக்கு வருடக்கணக்கில் சமைத்துப் போட்டு, வீட்டைப் பார்த்துக்கொண்டு, சிரித்த முகமாக இருந்த கயேடே ஒரு இரவு அவன் வருகைக்காகக் காத்திருக்கிறாள். அடுப்பில் பாத்திரம். கரண்டியால் கிளறிக்கொண்டே இருக்கிறாள். உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் பாத்திரம். ஜப்பான் ரசிகர்கள் அந்தக் காட்சியை "வெறும் பானை" என்றே சொல்கிறார்கள். ஹாஸ்டலில் அதைப் பார்த்த இரவு ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டோம்.

'ஸ்கூல் டேஸ்' இன்னும் ஒருபடி மேலே. அதில் நாயகனுக்குக் காது கேட்கிறது, எல்லோருக்கும் சரி சொல்கிறான், கதை ரத்தத்தில் முடிகிறது. 2007 செப்டம்பரில் கடைசி எபிசோட் வரவேண்டிய சமயம் கியோட்டோ பகுதியில் ஒரு பெண் தன் தகப்பனைக் கோடரியால் வெட்டிக் கொன்ற செய்தி வர, டிவியில் அதை நிறுத்திவிட்டு இயற்கைக் காட்சிகளை ஓட்டினார்கள். அதில் ஒரு கப்பல் வந்தது. "நல்ல கப்பல்" என்று யாரோ எழுத, உலகம் முழுக்க அதுவே நகைச்சுவையாகிவிட்டது. ரத்தம் பார்க்க உட்கார்ந்தவனுக்குக் கப்பல் கிடைத்தது.

2024 செப்டம்பர் 30

'மாகேயின்' முடிந்தது. ஜப்பானின் இந்தக் கோடைப் பருவத்தின் சிறந்த தொடர் எனக்கு இதுதான். இது ஹாரெம் இல்லை என்று சண்டைக்கு வராதே, ஹாரெம் கதையின் குப்பைத்தொட்டியைக் கிளறி எழுதிய கதை இது. மற்றக் கதைகளில் தோற்றுப்போன பெண்கள் என்ன ஆகிறார்கள்?

தொயொஹாஷி நகரம். ஒரு உணவகத்தில் நுக்குமிசு என்ற பையன் லைட் நாவல் படித்துக்கொண்டிருக்கிறான். பக்கத்து மேசையில் யானாமி, சின்ன வயதிலிருந்து தான் விரும்பியவனை, உன் காதலியிடம் ஓடு என்று தானே அனுப்பி வைக்கிறாள். அவன் போனதும் சுற்றிப் பார்க்கிறாள். அவன் குடித்து மிச்சம் வைத்த கிளாஸை இழுத்து ஒரு வாய் உறிஞ்சுகிறாள். தலையை நிமிர்த்தினால் எதிரே நுக்குமிசு! அப்புறம் அழுதுகொண்டே தட்டுத் தட்டாகச் சாப்பிடுகிறாள், பணம் போதாமல் அவன் கட்டுகிறான். கடனை அடைக்க மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து, இது இத்தனை யென் என்று அவளே விலை போட்டுக் கழிக்கிறாள்.

இலவு காத்த கிளி என்பது நம்மிடம் பழமொழி. அந்தக் கிளி மரத்தைவிட்டுப் பறந்த பிறகு எங்கே போய் என்ன சாப்பிட்டது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. தொல்காப்பியம்கூட ஒருதலைக் காமத்துக்குக் கைக்கிளை என்று பெயர் வைத்து ஐந்திணைக்கு வெளியே நிறுத்தியதோடு சரி. ஹாரெம் கதை என்பது ஒரு கல்யாணமும் நான்கு கைக்கிளையும். எனக்கு எப்போதும் அந்த நான்கு பேர் பக்கம்தான் மனம் சாய்ந்தது என்பது 'மாகேயின்' பார்த்த பிறகுதான் எனக்கே தெளிவானது. சாப்பாட்டு மேசை பிடித்தது என்று முதல் நாள் எழுதினேனே, அதுவும் இதுவும் ஒன்றுதான். மேசையில் ஐந்து பேர் இருக்கும்வரைதான் அது அந்த மேசை. அவன் பதில் சொன்ன மறுநாள் நான்கு நாற்காலி காலி. அவன் பேசாமல் இருக்கவேண்டும் என்று நானும் உள்ளூர ஆசைப்பட்டிருக்கிறேன் போலிருக்கிறது.

2024 அக்டோபர் 12

எழுதலாமா வேண்டாமா என்று பத்து நாள் யோசித்தேன்.

மூன்றாம் வருடம். ஜெராக்ஸ் கடை வாசல், மழை தூறுகிறது, லேப் ரெக்கார்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறேன். கூடப் படித்த பெண், எங்கள் கும்பலில் ஒருத்தி, ஒரு விஷயம் சொன்னாள். நான்கு வார்த்தை. பக்கத்தில் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது உண்மை. எனக்கு நான்கு வார்த்தையும் கேட்டது என்பதும் உண்மை. "என்ன சொன்னே?" என்றேன். "ஒண்ணுமில்ல, பக்கம் நம்பர் போட்டியான்னு கேட்டேன்" என்றாள். அடுத்த வாரமும் நாங்கள் ஆறு பேரும் ஒன்றாக டீ குடித்தோம். அதற்கு அடுத்த வாரமும்.

ஆகஸ்ட் 19 அன்று ரயிலைப் பற்றி நக்கல் அடித்தேனே, அதை அழிக்கவில்லை, இருக்கட்டும்.

2024 அக்டோபர் 13

அதனால்தான் 'ஐந்து மணப்பெண்' தொடரில் நீனோவின் காட்சியை நான் விடாமல் எல்லோரிடமும் சொல்கிறேன். நெகி ஹருபாவின் மங்கா, 2017 முதல் 2020 வரை 122 அத்தியாயம். ஒரே பிரசவத்தில் பிறந்த ஐந்து சகோதரிகள், படிப்பில் ஐவரும் மக்கு. முதல் தேர்வில் ஐந்து பேர் மதிப்பெண்ணையும் கூட்டினால் சரியாக 100. அவர்களுக்கு ட்யூஷன் எடுக்க வருகிற ஏழைப் பையன் ஃபூட்டாரோ. தொடக்கத்திலேயே கல்யாணத்தைக் காட்டிவிடுகிறார்கள், பெண் யார் என்பது மட்டும் மறைவு. பதில் உண்டு என்று முதல் நாளே வாக்குக் கொடுத்த கதை, அதனாலேயே எனக்கு மரியாதை.

ஐவரில் ஒருத்தியான நீனோ பைக்கில் அவன் பின்னால் உட்கார்ந்து போகும்போது சொல்லிவிடுகிறாள். காற்று. அவன் பேசவில்லை. வண்டியை நிறுத்தியதும், ஏதாவது சொன்னாயா என்கிறான். இந்த இடத்தில் எத்தனையோ கதைகளில் எத்தனையோ பெண்கள் "ஒன்றுமில்லை" என்றிருக்கிறார்கள். ஜெராக்ஸ் கடை வாசலிலும்தான். நீனோ திரும்பவும் சொல்கிறாள், முகத்தைப் பார்த்து. உன்னைப் பிடித்திருக்கிறது என்றுதான் சொன்னேன், வேறென்ன.

கல்யாணம் இன்னொரு சகோதரி யொட்சுபாவோடு. அது வேறு கதை.

2025 ஜனவரி 26

'நூறு காதலிகள்' இரண்டாம் சீசன் ஓடிக்கொண்டிருக்கிறது. ரென்டாரோ நூறு முறை நிராகரிக்கப்பட்டவன். காதல் கடவுள் செய்த குளறுபடியால் அவனுக்கு நூறு பேர் விதிக்கப்பட்டிருக்கிறார்கள்; அவன் ஏற்காவிட்டால் அந்தப் பெண் செத்துப்போவாள். ஆகவே எல்லோருக்கும் பதில் சொல்கிறான், உடனடியாக, உரக்க, எல்லோருக்கும் தெரிய. காது கேட்கும் ஹாரெம் நாயகன்! மேசையிலிருந்து ஒருவரும் எழவேண்டியதில்லை. விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் யாருமே தோற்காத இடத்தில் எனக்கு யாரைப் பற்றியும் கவலை வரவில்லை. கேட்டதைக் கொடுத்தால் வேண்டாம் என்கிறேன், என்ன செய்ய.

2025 பிப்ரவரி 9

ருமிகோ தகாஹாஷி கடன் பாக்கி. 'உருசெய் யாட்சுரா', 1978 முதல் 1987 வரை. பூமியைக் காப்பாற்ற அட்டாரு பத்து நாளுக்குள் வேற்றுகிரகப் பெண் லம்மின் கொம்பைத் தொட்டுப் பிடிக்கவேண்டும். ஜெயித்தால் கட்டிக்கொள்கிறேன் என்று அவன் காதலி ஷினோபு சொல்லியிருக்கிறாள். கொம்பைப் பிடித்ததும், இனிக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று சந்தோஷத்தில் கத்துகிறான். தன்னைத்தான் கேட்கிறான் என்று லம் நினைத்துக்கொள்கிறாள். அங்கேயும் காதுதான் பார். வேறு ஒருத்திக்குச் சொன்னது இவள் காதில் விழுந்தது. பிறகு ஒன்பது வருடம் அவன் ஊரிலுள்ள எல்லாப் பெண்கள் பின்னாலும் ஓடுகிறான், லம்மிடம் மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறான். கடைசி அத்தியாயத்தில் மறுபடி அதே துரத்தல். காதலிக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். சொல்லவில்லை. ஆயுசு முழுக்க ஆனாலும் சொல்லவைப்பேன் என்கிறாள் அவள். சாகும்போது சொல்கிறேன் என்கிறான் அவன்.

இதை மனைவியிடம் சொன்னேன். "சொல்லிட்டானே" என்றுவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டாள்.

2025 பிப்ரவரி 11

தம்பி எழுதியிருக்கிறான்: "அண்ணா, ஆறு மாசமாப் படிக்கிறேன். யொட்சுபா ஜெயிச்சது வேறு கதைன்னு சொல்லித் தப்பிச்சிட்டீங்க. அந்த ஐந்து பேர்ல உங்க ஓட்டு யாருக்கு?"

என்ன தம்பி கேட்டாய்? இங்கே குக்கர் விசில்.

2025 பிப்ரவரி 12

நீனோவுக்கு.